பதுங்குபவனின் கண்ணும் விரலும்

கப்பலுக்குள் மாலுமிகள் இளைப்பாறும் கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே மதுப் பாட்டில்களுக்கு நடுவே ஒரு ஐஸ் வாளி. கதைக்கு அந்த வாளியால் காலணாப் பயன் கிடையாது. ஆனால் துப்பாக்கியை நீட்டி அதைச் சுட்டால் கட்டிகள் சிதறி விழும். விழுந்தவை அப்படியே கிடக்காது. ஒவ்வொரு கட்டியும் தனித்தனியாக உருகத் தொடங்கும். பொறுமை உள்ளவர் நின்று பார்க்கலாம்: கட்டி மெல்லச் சிறுக்கும், கடைசியில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

உலகமே ஆபத்தில் இருக்கும்போது ஐஸ் உருகுவதை வேடிக்கை பார்க்க எவன் நிற்பான்? அப்படியும் ஒருவன் வருவான் என்று நம்பி யாரோ ஒரு புரோகிராமர் ராக்கண் முழித்து அதை எழுதி வைத்திருக்கிறார். 2001 நவம்பரில் பிளேஸ்டேஷன் 2-க்காகக் கொனாமி வெளியிட்ட 'மெட்டல் கியர் சாலிட் 2: சன்ஸ் ஆஃப் லிபர்ட்டி' இப்படிப்பட்ட நம்பிக்கைகளால் கட்டப்பட்டது. அன்றைக்கு அதை விளையாடியவர்கள் வீட்டில் இருந்ததோ குண்டு டிவி. ஐஸ் கட்டி அதில் வெள்ளையாக நாலைந்து புள்ளி. உருகியது என்பதைவிட மறைந்தது என்றுதான் கண்ணுக்குப் பட்டிருக்கும்.

பத்து வருஷம் கழித்து, 2011 நவம்பரில் 'மெட்டல் கியர் சாலிட் எச்டி கலெக்‌ஷன்' வந்தது. பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டுக்கும். இரண்டாம் பாகம், 2004-ல் வந்த மூன்றாம் பாகம் 'ஸ்னேக் ஈட்டர்', 2010-ல் பிஎஸ்பி கையடக்கக் கருவிக்காக வந்த 'பீஸ் வாக்கர்' ஆகிய மூன்றும் அதில் அடக்கம். 1987, 1990 வருஷங்களில் எம்எஸ்எக்ஸ்2 கணினிக்காக வெளியான முதல் இரண்டு 'மெட்டல் கியர்'களும் மூன்றாம் பாகத்தின் மெனுவுக்குள் துணைக்கு உட்கார்ந்திருந்தன. இரண்டாம், மூன்றாம் பாகங்களை எச்டிக்கு மாற்றியவர்கள் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்து புளூபாயிண்ட் நிறுவனத்தார்.

எச்டி மறுவெளியீடு என்றதும் பழைய சுவருக்குப் புதுப் பெயின்ட் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தத் தொகுப்பின் நயம் அங்கே இல்லை. புதிதாக எதையும் சேர்க்காமல், ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்குப் பார்க்கும் கண்ணைக் கொடுத்தது இது. கொடுத்த கையோடு ஆடுபவனின் விரலிடமிருந்து ஒன்றை வாங்கியும்கொண்டது. அந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான் இங்கே கொஞ்சம் நின்று ரசித்துப் பேசப்போகிறேன்.

முதலில் கண்ணுக்குக் கிடைத்தது எப்படி என்று பார்ப்போம். 2012-ல் 'கர்ணன்' டிஜிட்டலில் மெருகேறித் திரும்ப வந்தபோது செய்தது, பழைய பிலிமைத் தேடி எடுத்துக் கீறலும் தூசியும் நீக்கியது. சிவாஜியின் முகத்தில் பிலிம் பதிந்து வைத்திருந்ததைத் தாண்டி ஒரு மயிரிழைகூடப் புதிதாக வராது. வீடியோ கேம் அப்படி இல்லை. அதில் படம் எங்கும் பதிந்து கிடப்பதில்லை. கப்பல், மனிதன், துப்பாக்கி எல்லாமே முக்கோணங்களின் கணக்கு. அந்தக் கணக்கைப் படித்து, கருவி ஒவ்வொரு கணமும் புதிதாக வரைகிறது. பழைய டிவிக்கு 640-க்கு 480 என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் திரைக்கு மூன்று லட்சத்துச் சொச்சம் புள்ளிகள்தான். எச்டியில் 1280-க்கு 720. ஒன்பது லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். அதே கணக்கை மூன்று மடங்கு புள்ளிகளில் வரைந்து காட்டு என்று கேட்டால், 2001-ல் செதுக்கிய விளிம்பு 2011-ல்தான் விளிம்பாகத் தெரிகிறது.

எல்லாம் அப்படித் தெளிந்துவிடாது. முக்கோணங்களின் மேல் ஒட்டிய தோல், துணி, துரு ஆகியவை வெறும் படங்கள். அவற்றின் புள்ளிகள் அன்றே எண்ணி முடிந்தவை. அதனால் இந்தத் தொகுப்பில் ஒரு வினோதம் நடக்கிறது. துப்பாக்கியின் வடிவம் கத்தி போல் கூர்மையாக இருக்கும், பின்னால் இருக்கும் சுவரின் சுண்ணாம்பு குழைந்திருக்கும். முகத்தின் வெட்டு பளிச்சென்று இருக்கும், தாடி மட்டும் வரைந்தது என்று காட்டிக்கொடுக்கும். இதைக் குறை என்பவர்கள் சொல்லட்டும். எனக்கு அது அந்தக் கால வேலைப்பாட்டின் கைரேகை. எங்கே கணக்குப் போட்டார்கள், எங்கே தூரிகை எடுத்தார்கள் என்று பிரித்துப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு.

இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் ஹட்ஸன் ஆற்றின் குறுக்கே ஜார்ஜ் வாஷிங்டன் பாலம். இரவு, கொட்டும் மழை. மழைக்கோட்டு போட்ட ஒருவன் நடந்து வருகிறான். ஓடத் தொடங்கியதும் கோட்டு பறக்கிறது, ஆளே கண்ணுக்குத் தெரியாமல் போகிறான். பாலத்தின் விளிம்பிலிருந்து குதித்து, கீழே போய்க்கொண்டிருக்கும் கப்பலில் இறங்குகிறான். இறங்கிய அதிர்ச்சியில் மறைப்புக் கருவி பழுதாகி, நம் நாயகன் ஸ்னேக் முழுசாகத் தெரிகிறான். ஒளிந்து விளையாடும் கேமின் முதல் காரியமே, ஒளிவதற்கு இருந்த குறுக்குவழியை உடைத்துப் போடுவது. இனிமேல் உன் சாமர்த்தியம் என்று சொல்லாமல் சொல்கிறது.

அந்த மழைதான் எச்டியின் முதல் பரிசு. பழைய திரையில் மழை என்பது சாம்பல் நிறத்தில் ஓர் இரைச்சல். இங்கே இழை இழையாக விழுகிறது. மேல்தளத்தில் காற்றடிக்கும் பக்கம் ஒரு சாய்வு, அறையின் மறைவில் வேறு கதி. ஸ்னேக்கின் நெற்றிப்பட்டையின் இரண்டு வால்களும் காற்றில் தனித்தனியாக அலைவதை முதல் தடவையாகப் பின்தொடர்ந்து பார்க்க முடிகிறது. 4-க்கு 3 என்று இருந்த சட்டகம் 16-க்கு 9 என்று அகன்றதும் சாதாரண விஷயம் இல்லை. மற்ற கேம்களில் அது காட்சிக்கு அழகு. ஸ்டெல்த் கேமில் அது ஒரு காவலாளியை அரை வினாடி முன்னால் பார்ப்பது. அரை வினாடி என்பது பெட்டிக்குப் பின்னால் ஒதுங்கப் போதுமான நேரம்.

நிழலைச் சொல்லாமல் விடக் கூடாது. கப்பலின் தாழ்வாரங்களில் ஆள் வருமுன் அவன் நிழல் சுவரில் வந்துவிடும். திருப்பத்துக்கு இந்தப் பக்கம் முதுகை ஒட்டி நின்றுகொண்டு, எதிர்ச்சுவரில் அந்தக் கரிய உருவம் நீள்வதையும் குறுகுவதையும் வைத்தே அவன் வருகிறானா போகிறானா என்று சொல்லிவிடலாம். பழைய திரையில் நிழலின் ஓரம் படிக்கட்டு போல உடைந்திருக்கும். இப்போது துப்பாக்கிக் குழலின் நிழல்வரை தெரிகிறது. விளையாட்டின் விதி மாறவில்லை. அதைப் படிக்கும் வசதி கூடியிருக்கிறது.

இடுப்பில் மாட்டிய ரேடியோவும் அதே கதைதான். காவலாளி அவ்வப்போது தலைமையிடத்தோடு பேச வேண்டும். பதில் வராவிட்டால் அங்கிருந்து ஆட்களை அனுப்பிவிடுவார்கள். ஆனால் அந்த ரேடியோவைச் சுட்டு உடைத்துவிட்டால், பார்த்ததைச் சொல்ல வழியில்லாமல் அவன் தவித்துப்போவான். என்ன அழகான யோசனை! ஆளைக் கொல்லாமல் அவன் குரலை மட்டும் வாங்கிக்கொள்வது. 2001-ல் அந்த ரேடியோ இடுப்பில் ஒரு கறுப்புப் பொட்டு. அதைக் குறிபார்க்க ஏறக்குறைய ஊகத்தைத்தான் நம்ப வேண்டும். எச்டியில் அது ரேடியோ. பத்து வருஷமாக யோசனையாக மட்டும் இருந்தது நிதானமாகச் செய்யக்கூடிய காரியமாக மாறியது. கடல் நடுவே நிற்கும் 'பிக் ஷெல்' நிலையத்தில் கடற்புறா எச்சத்தில் கால் வைத்து, அங்கே நாம் ஆட்டுவிக்கும் ரெய்டன் வழுக்கி விழுவானே, அந்த வெள்ளைத் திட்டும் இப்போது முன்கூட்டியே தெரிகிறது. பார்த்தும் மிதித்தால் அது நம் கவனக்குறைவு, டிவி மேல் பழி போட முடியாது.

மூன்றாம் பாகத்துக்கு வருவோம். எச்டியின் உண்மையான சோதனை அங்கேதான். காலம் 1964, இடம் சோவியத் நாட்டின் கற்பனைக் காடு ஒன்று. முந்தைய பாகத்தில் எதிரியின் பார்வைக் கூம்பையே காட்டிக்கொடுத்த ரேடாரை இங்கே பிடுங்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் அது ஏது? அதற்குப் பதிலாகத் திரை மூலையில் ஒரு சதவீதக் கணக்கு: சுற்றுப்புறத்தோடு எவ்வளவு கலந்திருக்கிறாய் என்ற எண். புல்லில் படுத்தால் ஏறும், எழுந்து ஓடினால் சரியும். இலை வண்ணச் சீருடையோடு மரப்பட்டைமேல் சாய்ந்தால் குறையும். முகத்துக்குத் தனியாகச் சாயம் பூச வேண்டும். பாம்பும் தவளையும் பிடித்துத் தின்ன வேண்டும். பிடித்ததை நாள்கணக்கில் பையிலேயே வைத்திருந்தால் அது அழுகியும் போகும். சதுப்பில் நடந்தால் அட்டை ஒட்டும், சுருட்டு நெருப்பால் சுட்டு எடுக்க வேண்டும்.

பிளேஸ்டேஷன் 2-க்கு அந்தக் காடு பெரிய பாரம். இரண்டாம் பாகம் வினாடிக்கு 60 பிரேம் ஓடியது. காட்டுக்குள் வந்ததும் அது 30 ஆனது, அந்த முப்பதையும் பல இடங்களில் முக்கி முனகித்தான் தொட்டது. எச்டி பதிப்பு 60-ஐ இலக்காக வைத்தது. சண்டைக் காட்சிகளில் அது சறுக்குவதும் உண்டு. ஆனால் தவழ்ந்து போகும்போது, அந்த விளையாட்டின் முக்கால்வாசி நேரமும் தவழ்வதுதான், புல் தலைக்கு மேல் பிரிந்து சேர்வதைத் தொடர்ச்சியாக ஓடும் ஒரே அசைவாகப் பார்க்கிறோம். 2005-ல் 'சப்ஸிஸ்டன்ஸ்' என்ற மறுபதிப்பு தந்த, நம் விருப்பப்படி திருப்பக்கூடிய கேமராவும் இதில் உண்டு. அது இல்லாமல் மேலிருந்தே காட்டைப் பார்த்த முதல் பதிப்பு எவ்வளவு குருட்டாட்டம் என்பது மாறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஒரு நுட்பமான நியாயக் கேள்வி எழுகிறது. பழைய படத்தில் காடு மங்கல். பச்சைச் சீருடைக்காரன் இருபதடி தள்ளி நின்றால் அவனும் புல்லும் ஒரே குழம்பல். அவனுக்கு நான் தெரியாதது போலவே எனக்கும் அவன் தெரியாமல் இருந்தான். எச்டி வந்ததும் அவன் தோளும் தொப்பியும் இலைகளிலிருந்து பிரிந்து நிற்கின்றன. ஆனால் அவன் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் பார்ப்பது படத்தை இல்லையே, தூரத்தையும் கோணத்தையும் அந்தச் சதவீத எண்ணையும்தான். 720 வரியோ 480 வரியோ அவனுக்கு ஒன்றுதான். ஆக, கண்ணாடி கிடைத்தது ஒரு கட்சிக்கு மட்டும். விளையாட்டு கொஞ்சம் சுலபமாகிவிட்டது என்று யாராவது உணர்ந்திருந்தால் அது கைப்பழக்கத்தால் மட்டும் வந்தது இல்லை. புல்லின் ரகசியமும் வெளியே வந்துவிட்டது. ஒவ்வொரு கொத்தும் தட்டையாக நிறுத்திய படம் என்பது கிட்டத்தில் போனால் பட்டவர்த்தனம்.

இந்தக் கணக்கில் லாபம் எங்கே என்று கேட்டால், ஒரு கிழவரோடு நடக்கும் சண்டையில் என்பேன். 'தி எண்ட்' என்று பெயர். நூறு வயதைத் தாண்டிய குறிசுடும் வீரர். தோளில் கிளி. மூன்று பெரிய காட்டுப் பகுதிகளில் எங்கோ படுத்துக் காத்திருப்பார். அவரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கே ஒரு மணி நேரம் ஓடிவிடும். ஓடினால் சுடுவார், நின்றாலும் சுடுவார். திசை மைக்கைப் பிடித்தால் மூச்சு கேட்கும். வெப்பக் கண்ணாடி போட்டால் அவர் நடந்துபோன கால்தடம் தெரியும். சில நேரம் தூங்கியும் போவார். இதற்கெல்லாம் மேலே ஒரு துப்பு: அவருடைய தொலைநோக்கியின் கண்ணாடியில் வெயில் பட்டு ஒரு கணம் மின்னும்.

பழைய திரையில் அந்த மின்னலும் இலைமேல் விழும் வெளிச்சமும் ஒரே மாதிரிப் புள்ளிகள். எது கிழவர், எது காடு என்று தெரியாமல் குண்டை வீணடித்தவர்கள் ஏராளம். எச்டியில் அந்த ஒற்றைப் புள்ளி தனித்து நிற்கிறது. சத்தம் போடாமல் சுற்றி வந்து, முதுகுக்குப் பின்னால் துப்பாக்கியை நீட்டினால், கிழவர் சுடாமலே அடங்குவார், பாசி நிறச் சீருடையும் பரிசாகக் கிடைக்கும். இன்னொரு வழியும் உண்டு. நடுவில் சேவ் செய்துவிட்டு ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தால், திரும்பி வரும்போது அவர் மூப்பால் இறந்திருப்பார். ஆடுபவனின் வீட்டுக் காலண்டரையே ஆயுதமாக்கிய வேறொரு சண்டையை நான் பார்த்ததில்லை.

இனி விரலுக்கு வருகிறேன். பிளேஸ்டேஷன் 2-இன் கன்ட்ரோலர் பட்டன்கள் அழுத்தியதா இல்லையா என்று மட்டும் பார்ப்பவை இல்லை. எவ்வளவு அழுத்தினாய் என்பதையும் 256 படிகளில் அளப்பவை. பெரும்பாலான கேம்கள் இதைச் சட்டை செய்யவே இல்லை. இந்த கேம்களை உருவாக்கிய கொஜிமாவின் குழு அதை வைத்து ஓர் ஒழுக்கமே கட்டியது. இரண்டாம் பாகத்தில் சதுர பட்டனை அழுத்தினால் கைத்துப்பாக்கி உயரும், விட்டால் வெடிக்கும். சுட வேண்டாம் என்று மனம் மாறினால், பட்டனிலிருந்து விரலை மெல்ல, மிக மெல்ல எடுக்க வேண்டும். துப்பாக்கி சத்தமில்லாமல் தாழும். பின்னால் போய் நின்று துப்பாக்கியை நீட்டினால் காவலாளி கையைத் தூக்குவான். முன்னால் போய்க் குறிவைத்து மிரட்டினால் கழுத்தில் தொங்கும் அடையாள வில்லையைப் போட்டுவிடுவான். அந்த மிரட்டல் முழுக்க ஒரு விரல்நுனியின் நிதானத்தில் நிற்கிறது.

மூன்றாம் பாகத்தில் இது இன்னும் கொடூரமான நயம். எதிரியைப் பின்னாலிருந்து பிடிக்க வட்ட பட்டனை லேசாக அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தம் கூடினால் ஸ்னேக்கின் கத்தி அவன் கழுத்தை அறுத்துவிடும். கொல்ல நினைத்து மெனுவில் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். பதற்றப்பட்டாலே போதும். இன்னொருவன் காலடி கேட்கிறது, உடம்பு இறுகுகிறது, கட்டைவிரலும் இறுகுகிறது, பிடியில் இருந்தவன் செத்துவிட்டான். இப்படி நம் கையால் செத்தவர்களெல்லாம் பின்னால் ஓர் ஆற்றில் வரிசையாக எதிரே நடந்து வருவார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பயத்துக்கும் கொலைக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கட்டைவிரலின் தசையில் உணரவைத்த வடிவமைப்பு இது. இதற்கு இணையாக வேறொன்றைச் சொல்லத் தெரியவில்லை.

பிளேஸ்டேஷன் 3-இன் கன்ட்ரோலரில் அந்தப் பட்டன்கள் அப்படியே இருந்ததால் அங்கே நஷ்டமில்லை. எக்ஸ்பாக்ஸ் 360-இன் பட்டன்கள் அழுத்தத்தை அளப்பவை இல்லை. எனவே இடது ஸ்டிக்கை உள்ளே அமுக்குவது போன்ற மாற்று வழிகள் வந்தன. வேலை நடக்கிறது. ஆனால் தவறிக் கொல்வது அருகிவிட்டது. கொலை ஒரு கட்டளையாகிவிட்டது. பிளேஸ்டேஷன் 4-இலிருந்து சோனியின் கன்ட்ரோலர்களும் அந்த பட்டன்களைக் கைவிட்டதால் இன்றைய மறுபதிப்புகள் எதிலும் அந்த நடுக்கம் கிடையாது. படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் தீட்டலாம், இல்லாத பட்டனை எப்படித் தீட்டுவது? நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: 'பீஸ் வாக்கர்' விஷயத்தில் கணக்கு தலைகீழ். ஒற்றைக் குமிழ் மட்டும் இருந்த பிஎஸ்பியிலிருந்து இரண்டு ஸ்டிக் உள்ள கன்ட்ரோலருக்கு வந்ததும் அந்த கேமுக்குக் கை முளைத்தது.

விடுபட்டவையும் உண்டு. மூன்றாம் பாகத்தின் முதல் பதிப்பில், சிறையில் கிடக்கும்போது சேவ் செய்துவிட்டுத் திரும்ப வந்தால், சம்பந்தமே இல்லாத ஒரு கெட்ட கனவு விளையாட்டாக விரியும். 'சப்ஸிஸ்டன்ஸி'லேயே அது போய்விட்டது, எச்டியிலும் இல்லை. இரண்டாம் பாகத்தின் ஸ்கேட்போர்டு விளையாட்டும் வரவில்லை. 2021 நவம்பரில் இந்த இரண்டு பாகங்களுமே டிஜிட்டல் கடைகளிலிருந்து இறக்கப்பட்டன. கேமுக்குள் வரும் பழைய ஆவணப் படத்துண்டுகளின் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்ததுதான் காரணம். 2023 அக்டோபர் 24 அன்று 'மாஸ்டர் கலெக்‌ஷன்' முதல் தொகுதி வந்த பிறகுதான் அவை மீண்டும் விற்பனைக்குக் கிடைத்தன. அதற்குள் இருப்பதும் அடிப்படையில் புளூபாயிண்டின் வேலைதான்.

அந்த வேலையின் அருமை மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். 2012-ல் இதே கொனாமி 'சைலண்ட் ஹில்' கேம்களின் எச்டி தொகுப்பை வெளியிட்டது. மாற்றியவர்கள் கையில் கிடைத்த மூலநிரல் இறுதிப் பிரதியே இல்லை. பயத்துக்கே உயிரான மூடுபனி மெலிந்துபோய், அது மறைத்து வைத்திருந்த அரைகுறை ஓரங்கள் வெளியே தெரிந்தன. 2011-ல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த 'ஸ்பிளின்டர் செல்' முத்தொகுப்பு, வெளிச்சத்தையும் இருட்டையும் வைத்தே பின்னிய அருமையான கேம்களைக் கொண்டது. நாயகன் சாம் பிஷரின் தலையில் மூன்று பச்சை விளக்குகள் எரியும், இருட்டில் காவலாளிக்கு அது தெரியாது, நமக்கு மட்டும் தெரியும்! இருட்டில் நம் ஆளை நாமே தொலைத்துவிடாமல் இருக்கச் செய்த செல்லப் பொய் அது. ஆனால் படம் தடுக்கித் தடுக்கி ஓடியதால் அந்தத் தொகுப்பு மனதில் நிற்கவில்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் 2004-ல் கேம்கியூபுக்கு வந்த 'தி ட்வின் ஸ்னேக்ஸ்'. 1998-இன் முதல் 'மெட்டல் கியர் சாலி'டை அடியோடு புதிதாகச் செய்தார்கள். இரண்டாம் பாகத்தின் முதல்நபர்ப் பார்வையில் சுடும் வசதியையும் பழைய இடங்களுக்குள் புகுத்தினார்கள். அந்த இடங்களோ அப்படிச் சுட முடியாது என்ற நம்பிக்கையில் காவலாளிகளை நிறுத்தியவை. தூரத்தில் நின்றே மயக்க ஊசியால் ஒவ்வொருவராகச் சாய்த்துவிட்டு நடந்து போகலாம் என்றானது. நல்லெண்ணத்தில் கொடுத்த ஒரு வரம் விளையாட்டின் நெஞ்சைத் தளர்த்திவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த 'மெட்டல் கியர் சாலிட் டெல்டா' இதிலிருந்து பாடம் படித்தது. காட்டை அன்ரியல் என்ஜின் 5-இல் இலை இலையாகப் புதிதாக வளர்த்தது. பழைய குரல்பதிவுகளையும் காவலாளிகளின் இடங்களையும் தொடவில்லை. பட்ட காயம் தழும்பாக ஸ்னேக்கின் உடம்பில் கடைசிவரை தங்குகிறது. போன கெட்ட கனவும் திரும்பியிருக்கிறது. அழுத்தம் அறியும் பட்டன் மட்டும் திரும்பவில்லை.

எச்டியால் ஒன்றுமே கூட்ட முடியாத ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 'தி எண்ட்' கிழவரைத் தாண்டியதும் ஒரு குகைச் சுரங்கத்துக்குள் செங்குத்தான இரும்பு ஏணி. ஏற வேண்டும். ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். எதிரி இல்லை, பொறி இல்லை, பார்க்கவும் சுவரைத் தவிர ஒன்றுமில்லை. பாதியில் சிந்தியா ஹாரலின் குரல் மட்டும், வாத்தியமில்லாமல், தலைப்புப் பாட்டைப் பாடத் தொடங்கும். நிமிடக்கணக்கில் நம் வேலை ஒரு ஸ்டிக்கை மேல்நோக்கித் தள்ளிப் பிடித்திருப்பது மட்டுமே. 480 வரியிலும் அது அதேதான், 720-லும் அதேதான், டெல்டாவிலும் அதேதான். புள்ளிக் கணக்கை நம்பாத ஒரு துணிச்சல் இந்த கேமுக்குள் முதலிலிருந்தே இருந்தது என்பதற்கு அந்த ஏணியே சாட்சி.

என் தீர்ப்பு இதுதான். நல்ல மறுவெளியீடு மூலத்தைவிட அதிகமாகப் பேசாது. புளூபாயிண்ட் அதைக் கடைப்பிடித்தது. மழையைத் தெளிவாக்கியது, புல்லைச் சீராக அசைத்தது, காவலாளி நின்ற இடத்திலேயே அவனை நிற்கவிட்டது. இன்று புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மாஸ்டர் கலெக்‌ஷன் தாராளமாகப் போதும். பிஎஸ்4, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ், ஸ்விட்ச், கணினி எல்லாவற்றிலும் கிடைக்கிறது. கதையை முடிக்கும் அவசரத்தில் மட்டும் ஓடாதீர்கள். ஏதாவது ஒரு காவலாளியைத் தேர்ந்தெடுத்து, அவன் ஒரு சுற்று முழுவதும் போய் வருவதை மறைந்திருந்து பாருங்கள். எங்கே கொட்டாவி விடுகிறான், எங்கே திரும்புகிறான் என்று பாருங்கள். இந்த கேம்களின் பாதிச் சுகம் அதில் இருக்கிறது. வீட்டுப் பரணில் பிளேஸ்டேஷன் 3-உம் அந்த எச்டி வட்டும் கிடந்தால் பழைய சாமானோடு போட்டுவிடாதீர்கள். எச்டி படமும், 60 பிரேமும், அழுத்தம் அறியும் பட்டனும் மூன்றும் சேர்ந்து கிடைப்பது அந்தப் பதிப்பில்தான்.